வேறு நபர்கள்: இல்லை

என் கையெழுத்து அழகானது என்று துறைமுகக் கந்தோரில் எழுத்தராக இருந்த காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆகவே இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஆளுக்கு வீண் சிரமம் வேண்டாம்.

என் பெயர் கதிரவேல். மனைவி செத்துப்போனபின் வீட்டின் பின்னறையை ரஜீவனுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். வெருகல் பொடியன், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை. வாடகைக்கு விடுபவர்கள் வீட்டில் இருப்போர் எல்லோரையும் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவித்தல் வந்ததும், எங்கள் வீதியில் முதல் படிவம் கொடுத்தவன் நான்தான். இரண்டு பெயர்கள். அதன் கீழே, ‘வேறு நபர்கள்: இல்லை’. கையெழுத்தும் வைத்தேன்.

அடுத்த கிழமையே ரஜீவன் தகப்பன் கந்தப்போடியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“அப்பான்ர அடையாள அட்டை வெள்ளத்தில போயிட்டுது ஐயா. புதுசு வருமட்டும் என்னோட இருக்கட்டும்.”

“இலக்கம் இல்லாமப் பதிய ஏலாது தம்பி. படிவமும் குடுத்தாச்சு.”

அவன் கெஞ்சினான். எனக்கும் மனம் இளகிவிட்டது. அந்த இளக்கம்தான் என் பிழை.

பட்டியல் என்றால் என்ன என்று உங்கள் வயதுக்காரருக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் வீட்டில் உள்ளோர் பெயர்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பட்டியலில் மூன்று பெயர், முற்றத்தில் நான்கு தலை. விருந்துக்கு வந்த என் தம்பியின் பெயரை எழுத நான் மறந்திருந்தேன். அவனைக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு என் வீட்டில் எண்ணிக்கை பிசகியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை வீடு பார்க்க வருவோம் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள். ரஜீவன் அந்தக் கிழமை முழுக்கச் சீனன்குடாவிலேயே தங்கி வேலை. காலையில் கந்தப்போடியை வீட்டு வளவுக்குள், ஷெல்லுக்குப் பயந்து அந்த நாளில் வெட்டிய பழைய பங்கர் குழிக்கு அழைத்துப்போனேன். ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு பணிசும் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“சண்டைக்குள்ளயும் இப்பிடிப் பங்கருக்குள்ளதானே கிடந்தனாங்கள். அவங்கள் போனதும் கூப்பிடுங்கோ ஐயா.”

கொங்கிறீட் மூடியை இழுத்துவிட்டேன். அதை உள்ளேயிருந்து ஒருவரால் தூக்க ஏலாது.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. எந்த நேரமும் வரக்கூடும் என்பதால் மூடியைத் திறப்பது புத்தியாகப் படவில்லை. இரவில் அவர் தட்டினார். புதன்கிழமை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூடியில் ஒருதரம் கை வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, கையை எடுத்துவிட்டேன். அவருடைய சத்தம் வீதிவரை போனது. காற்றுக்காக விட்டிருந்த துவாரத்தில் சாக்கைச் சுருட்டி இறுக்கி அடைத்தேன். ரஜீவன் தொலைபேசியில் கேட்டபோது, அப்பா வெருகல் கோயில் கொடியேற்றத்துக்குப் போய்விட்டார் என்றேன். நல்லதாப் போச்சு ஐயா என்றான்.

வியாழக்கிழமை வளவு அமைதியாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை கொன்ஸ்டபிள் இன்பாஸ் வந்தார். அறைகளைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கு ஐயா. எல்லாரும் இப்பிடி எழுதினா எங்களுக்கு வேலை லேசு.”

உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை ரஜீவன் வந்தான். பங்கர் வாசலில் தகப்பனின் செருப்பு கிடந்தது. அதை எடுத்து வைக்க மறந்துபோனேன், வயது போய்விட்டது.

மூடியைப் போட்டவன் நான். துவாரத்தை அடைத்தவனும் நான். அவர் செத்துவிடுவார் என்று தெரிந்துதான் அடைத்தேன். இதற்கெல்லாம் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் பொய்ப் படிவம் கொடுத்ததாகவும் ஒரு குற்றம் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் ஆள் வந்து பார்த்தபோது, என் வீட்டில் உயிரோடு குடியிருந்தவர்கள் இரண்டு பேர்தான்.