கலக்கக் கூடாத தண்ணி

டொக். கேட்டுதோ? பொறுங்கோ இக்னேசியஸ் அண்ணை, லைற்றைப் போடாதேங்கோ, வெளிச்சம் வந்தால் காது வேலை செய்யாது. டொக். அந்தா, உடுப்புத் தோய்க்கிற வோஷருக்குப் பின்சுவர்.

இனிப் போடுங்கோ. பாத்தீங்களே, காலமைதான் ஊத்தின வாளி, திருப்பி விளிம்புக்குக் கிட்ட. சனிக்கிழமைக்குள்ளை இந்த பேஸ்மென்ற் காயவேணும் அண்ணை. ஆள் ஒண்டு இருக்கப்போகுது.

ஆரோ? சொல்லுறன்.

ஒழுக்கை அடைக்க வெளியாலை தோண்டவேணுமே? தோண்டுங்கோ. அதிலை கிறிஸ்ரினாவின்ரை றோசா நிக்குது. நீங்களே கேளுங்கோ, என்ரை மனுசிதான், ஆனால் நான் கேட்டால் ஓமெண்டு வராது.

சிரிக்காதேங்கோ, என்ரை வேலையே தண்ணி போற வழிக்குப் படம் கீறுறதுதான். நைற் ஷிப்ற். இஞ்சினியர்மார் பகல் குறிச்சு வைக்கிறதை நான் கொம்பியூட்டரிலை கீறி விடியக் குடுக்கவேணும். படிச்சதே? எங்கை, பாத்துப் பாத்துப் பழகினதுதான். இப்ப இந்த நாட்டின்ரை மேற்கை, மலைப்பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். கழிவுக் கல்லை மலையாக் குவிச்சுக் கொட்டிற கும்பி காணாதாம், பெருப்பிக்கவேணுமாம். எங்கடை அஜக்ஸ் ரவுண் வீடுகள் முழுக்க அதுக்குள்ளை தாழும்.

சீச்சீ, சும்மா கொண்டுபோய்க் கொட்டேலாது. முதல் லொறி வர முன்னமே வாய்க்கால் வெட்டவேணும், கீழை குளம் கட்டவேணும், அடியிலை பெரிய கல்லுப் பரவித் தண்ணி போக வழி விடவேணும். கொட்டின பிறகு அடியிலை கை வைக்கேலாது. மற்றது, மலையாலை வாற நல்ல தண்ணியை மேலையே மறிச்சுச் சுத்தி அனுப்பிப்போடவேணும். கும்பிக்குள்ளாலை வாற தண்ணி வேறை, அது குளத்துக்கு. ரெண்டும் கலந்துதோ, நல்லதும் பழுது. நல்லதுக்கு நீலம், மற்றதுக்குச் சிவப்பு. போன மாசம் ரெண்டையும் ஒரு மூலையிலை முட்டக் கீறிப்போட்டன். நித்திரையோ எண்டு கேட்டினம். ஓம் எண்டன். நித்திரை எங்காலை.

ஓம், தனி வாசல் பக்கத்தாலை இருக்கு. குசினி பெரிசா வேண்டாம், ஒரு அடுப்புக் காணும். வாடகைக்கோ? வாடகைக்கெண்டால் கிறிஸ்ரினா இதிலை நிண்டு உங்களோடை பேரம் பேசியிருப்பாவே. இல்லையண்ணை, ஊரிலையிருந்தும் ஒருத்தரும் வரேல்லை.

நான்தான்.

ஓம், நான்தான் இருக்கப்போறன். அவ மேலை, நான் கீழை. சண்டை எண்டும் சொல்லேலாது. இவ்வளவு வருசமும் கொட்டிக்கொண்டே வந்திட்டம், வாய்க்கால் வெட்ட ரெண்டு பேருக்கும் நேரம் வரேல்லை. சேர்ச்சிலை வாய் விட்டிடாதேங்கோ, பிறகு பாதர் வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருப்பார்.

பக்கத்து ரவுண் விட்பியிலை ஒரு அறை பாத்து வைச்சிருக்கிறன். இந்தச் சுவர் காயாட்டில் அங்கைதான். நல்ல காய்ஞ்ச அறை, ஒரு குறையும் இல்லை. ஆனால்...

உஷ். கேக்குதோ? இது தண்ணி இல்லை. மேலை, மகள் ஸ்டெபனி. பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாள். குதிக்காலாலை குத்திக் குத்தித்தான் நடப்பாள், எத்தினை தரம் சொல்லியாச்சு. விட்பியிலை உது கேளாது.

கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அண்ணை, வாளி நிரம்பீற்றுது. ஊத்திப்போட்டு வாறன்.