துடைத்து வைத்த முட்டைகள்

"அலோ... ஆங், நான்தான், கிறிஸ்தோஃப் சார். என்ன செந்தமிழ்ச்செல்வி, போனை எடுக்க இவ்ளோ நேரம்?... கை வேலையா இருக்கா, சரி சரி. ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேக்குது?... போகட்டும். பூச்சிங்க எப்படி இருக்கு?"

பதிலைக் கேட்டதும் பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இமெயிலில் மட்டுமே பழக்கமான பூச்சி ஆராய்ச்சியாளர் மதாம் கரீன் நாளை பாரிஸிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வருகிறார். மொச்சைச் செடியில் சாறு குடிக்கும் அந்தப் பூச்சிகள் மதாமுக்குப் பிடித்துவிட்டால், கிறிஸ்தோஃப் பாரிஸுக்கு ஆராய்ச்சி செய்யப் போகலாம். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

"செத்துப் போச்சா?... பாதியா? ஆமா ஆமா, பாதிதானே, உனக்கு மாலை போட்டுடலாம். செடி வாடிப் போச்சா?... நல்லாதான் இருக்கா? அப்ப நல்ல செடியில உக்காந்துகிட்டே பட்டினி கிடந்து செத்துதுங்களா?... ஆமாவா!"

மூக்கால் சிரித்தார். மாணவர்களுக்கென்றே அவர் தனியாக வைத்திருந்த சிரிப்பு அது.

"உங்க ஊரு அரியாங்குப்பத்துல நண்டு பிடிக்கற மாதிரி நினைச்சியா? இது ஆராய்ச்சி... எந்த முட்டை?... ஆமா, நான்தான் சொன்னேன். முட்டைக்கு அடியில பழுப்பா அழுக்கு ஒட்டிக் கிடந்துது, துடைச்சு வைன்னேன்... அழுக்கு இல்லியா?... அம்மாப் பூச்சி வச்சதா? குஞ்சு வெளிய வந்ததும் அதை உறிஞ்சுமா? ஓஹோ. அம்மாக்காரி டிபன் கட்டி வச்சிட்டுப் போறாளாக்கும்."

"இரு, நான் பேசறேன்... அதுல பாக்டீரியாவா?... அது வயித்துக்குள்ள போனாதான் செடிச்சாறு செரிக்குமா? சாறுல இல்லாத சத்தையும் அதுவே செஞ்சு குடுக்குமா?... யாரு சொன்னா, மீன் விக்கறவங்களா?... சரி, துடைக்காத முட்டையும் இருக்கா?... அதுல வந்ததெல்லாம் கொழுகொழுன்னு இருக்கா? நான் எல்லாத்தையும்தானே துடைக்கச் சொன்னேன்... சந்தேகமா? என் பேச்சுல உனக்கு சந்தேகம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. துடைத்தது செத்திருக்கிறது, துடைக்காதது பிழைத்திருக்கிறது. திட்டம் போட்டுச் செய்தாலும் இவ்வளவு நல்ல சோதனை அமையாது. குரலில் சட்டென்று தேன் வழிந்தது.

"செல்வி... இங்க பாரும்மா. நான்தான் வேணும்னே பாதியைத் துடைக்கச் சொன்னேன், அவ்ளோதான். மதாம்கிட்ட நீ வாயே திறக்காத... உனக்குத்தான் பிரெஞ்சு ஒரு எழுத்து வராதே, அந்த வெள்ளைக்காரி உன்கிட்ட எதுல பேசுவா?... தமிழ்லயா?... என்ன, இன்னிக்கே வந்துட்டாங்களா?... பக்கத்துலயா?"

எழுந்து நின்றுவிட்டார்.

"வெள்ளைக்காரி இல்லியா... கட்டினவருதான் வெள்ளைக்காரரா... அவங்க பொறந்தது?... அரியாங்குப்பமா... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எப்பலேர்ந்து?... ஓ. மொதல்லேர்ந்தே."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போன்ழூர் மதாம்... ஆமா மதாம்... இல்ல மதாம், அது சும்மா ஒரு பேச்சுக்கு... ஆமா, துடைக்கச் சொன்னது நான்தான்... இல்ல, சோதனைக்கு இல்ல. அழுக்குன்னு நினைச்சுத்தான்... பாரிஸுக்கா? செல்வியா?... சரி மதாம்... எனக்கா? எனக்கு என்ன வேலை மதாம்?... நண்டு பிடிக்கவா..."

மறுமுனையில் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

"அலோ... மதாம்... அலோ..."