கேலி முறைக்குக் கட்டின வேர்

...அட, திருக்கை மீனுக்கு என்ன தம்பி கொம்பா மொளச்சிருக்கு? சரி, இந்தப் பெரிய திருக்கைக்குக் கொம்பு இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக? நேரா வைலாகித் தீவுக்குப் போயிட்டிருந்த படகத் திருப்பி இங்க நாசோலோவுல கொண்டாந்து நிறுத்தணுமா? இப்ப பாருங்க, வெயில்ல கருவாடாக் காயறோம். திருக்கையும் இல்ல, ஒரு இழவும் இல்ல.

ஐயையோ, காலத் தண்ணியில விடாதீங்க! விடக் கூடாது. இது அவங்க கடல். படகோட்டற எம்மவன் எமோசி கரைக்குப் போயிருக்கான்ல... ஊர்த்தலைவர் முன்னால சம்மணம் போட்டு ஒக்காந்து, இடிச்சுக் கரைச்சுக் குடிக்கற யங்கோனா வேர்க்கட்ட வச்சு, வந்திருக்கோம்னு சொல்லணும். அவரு கையத் தட்டி எடுத்துக்கிட்டாத்தான் நாம விருந்தாளி. அது வரைக்கும் நாம யாரோ, எவரோ. அந்தத் தொப்பியையும் இப்பவே கழட்டி வச்சிருங்க. ஊருக்குள்ள யாரும் தலையில எதையும் வச்சுக்கறதில்ல. போன தடவ ஒரு அம்மா வந்துச்சு, இத்தாப் பெரிய தொப்பி. கழட்டும்மான்னா, முடி கலஞ்சிரும்ங்குது! அதக் கெஞ்சிக் கழட்ட வைக்கறதுக்குள்ள என் சட்டியில மரவள்ளி குழஞ்சு கூழாப் போச்சு. அதையும் தின்னுட்டு, நல்லாருக்கு உனாய்சின்னு சொல்லுச்சு பாருங்க...

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், வைலாகி. இந்நேரம் அங்க இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுமா! எங்க ஊருக்கும் வைலாகிக்கும் கேலி முறை. பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து. அவங்க எங்கள என்ன வேணா சொல்லலாம், எதை வேணா தூக்கிட்டுப் போலாம். நாங்களும் அப்படித்தான். கோவப்படக் கூடாது. கோவப்பட்டா நம்மள மனுசனாவே மதிக்க மாட்டாங்க. போன கிறிஸ்மஸுக்கு வந்தானுங்க தம்பி... நான் பிள்ளையாட்டம் வளத்த பன்னி! அதப் பிடிச்சுச் சுட்டு, என்னையே விருந்துக்குக் கூப்பிட்டானுங்க. போனேன். தின்னேன். சிரிச்சேன். உள்ளுக்குள்ள எப்படிப் பத்திக்கிட்டு எரிஞ்சுது தெரியுமா! அதுவும் என்னா ருசி, பாவி மவனுங்க!

விடுவேனா? ...கிட்ட வாங்க, சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அலையாத்தி வேர் இருக்குல்ல, சேத்துக்குள்ள நிக்குமே, அத வெட்டிக் காய வச்சேன். மேலாப்புல மட்டும் நாலஞ்சு நெசமான யங்கோனா வேர் தெரியற மாதிரி வச்சு, நல்ல காகிதத்துல சுத்தி, செவப்பு ரிப்பன் கட்டி... அடாடா, கல்யாணப் பொண்ணு கெட்டா போங்க! வைலாகித் தலைவன் அத இடிச்சுக் கரைச்சு வாயில ஊத்துவான் பாருங்க, அந்த மூஞ்சியப் பாக்கணும்னுதான் இத்தன தூரம் வந்ததே. எமோசிகிட்ட மூச்சு விடல. அவனுக்குப் பொய்யும் வராது, சிரிப்பையும் அடக்கத் தெரியாது. அவங்கப்பன் மாதிரி. அதான் முழுசும் நெசமான யங்கோனா இருக்கற நல்ல கட்ட அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சுட்டு, இதக் கண்ணுல படற மாதிரி அவன் படுக்கை மேலயே வச்சேன்.

எல்லாத்தையும் கெடுத்தீங்க, திருக்கை திருக்கைன்னு.

என்ன?... நீங்க கேக்கலையா? அப்புறம்? எமோசியே சொன்னானா, நாசோலோ போலாம்னு? எங்கிட்ட நீங்க கேட்டதாச் சொன்னானே! பொய்யே வராதுன்னு இப்பத்தான் சொன்னேன்...

இருங்க இருங்க. காலையில சவரம் பண்ணான். புதுச் சட்டை போட்டான். தேங்கா எண்ணெய வழிய வழியத் தேச்சான். நாசோலோ... தலைவரு பேத்தி கெலேரா! ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்குல்ல, லீவுக்கு வந்திருக்கும். ஆத்தாடி, பொண்ணு கேக்கவாடா போயிருக்க! எனக்குத் தெரியாமயா! ரெண்டு வருசமா கர்த்தர்கிட்ட இதத்தானே தம்பி கேட்டுட்டிருக்கேன், இவனுக்கு நல்ல எடத்துல ஒரு பொண்ணக் குடும்னு. தங்கமான பொண்ணு. தலைவரு மட்டும் மொரடு. மரியாதையில ஒரு நூல் கொறஞ்சாலும் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. இங்கெல்லாம் கேலி முறையும் கிடையாது, ஒரு முறையும்...

...எந்தக் கட்ட எடுத்துட்டுப் போனான்?

நகருங்க. நகருங்கன்னா! அரிசி டின்னு... ஐயோ. ஐயையோ. நல்ல கட்டு இங்கயே இருக்கே! ரிப்பன் கட்டினத எடுத்துட்டுப் போயிட்டானே! தலைவரு வாயில சேத்து வேரா ஊத்தப் போறான்! சின்னப் படகும் அவன்கிட்ட. டேய் எமோசீ!... எங்க கேக்கும்? கேக்குதா உங்களுக்கு? டங்கு டங்குன்னு? இடிக்கறாங்க தம்பி, இரும்பு ஒலக்கையில இடிக்கறாங்க! நீங்கதான் நீந்துவேன்னீங்களே, இதத் தூக்கிட்டு... எங்க, நனஞ்சிரும். வேணாம். ஒரு பன்னிக்காகப் பெத்த பிள்ள வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேனே!

ஷ்ஷ். நின்னுருச்சு. கரைச்சிட்டாங்க.

பேசாதீங்க... நீங்க எங்க பேசறீங்க, நான்தான் பேசறேன்...

தட்டு! ஒண்ணு... ரெண்டு... மூணு! கேட்டீங்களா? மூணு தட்டு! குடிச்சு முடிச்சு மூணு தட்டுத் தட்டினா ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்! குடிச்சிட்டாரு! குடிச்சுட்டுத் தட்டிட்டாரு! மனுசன்னா அவரு மனுசன்! வாயக் கூடக் கோணாம... பொண்ணு நம்ம வீட்டுக்குத்தான் தம்பி! கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்!

அங்க பாருங்க, எமோசி படகுல வரான். பல்லு முப்பத்திரெண்டும் தெரியுது. பக்கத்துல தலைவரே ஒக்காந்து வராரு! என்னத்துக்கு அவரு... மடியில என்ன அது, சட்டியா? கையில சிரட்டையும்...

ஓ. பையனோட அம்மா குடிக்கணும்ல. முழுச் சிரட்டை. ஒரே மூச்சுல. அவரு பாக்கப் பாக்க.

இது என் வேலைதான்னு தெரிஞ்சுக்கிட்டாருய்யா. சிரிக்கறாரு பாருங்க.

வாங்க தம்பி, நீங்களும் விருந்தாளிதானே, எனக்குத் தொணையா ஒரு சிரட்டை... தம்பி? ஏய், தண்ணியில குதிக்காதீங்கன்னேன்ல! இப்ப விருந்தாளி ஆயிட்டீங்கதான், அதுக்காக இப்படியா? தம்பீ! திருக்கை அந்தப் பக்கம் இல்ல!