வரி கட்டி முடித்த கார்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி தன் பழைய காரை அக்காவிடம் விற்கப் பார்த்தான்.

“பதினஞ்சு வருஷத்து டாக்ஸும் ஒண்ணாக் கட்டின வண்டிக்கா. நீ ஒரு பைசா கட்ட வேண்டாம்.”

“எப்போ கட்டினே?”

“வண்டி எடுத்தப்போ.”

“எப்போ எடுத்தே?”

தம்பி தண்ணீரைப் பார்த்தான்.

“என் மாலா பொறந்தப்போ, புது வண்டின்னு பெருமையா ஆஸ்பத்திரியிலிருந்து இதுலதானே கூட்டிட்டு வந்தே? அவளுக்கு வர்ற மாசம் பதினஞ்சு முடியுதுடா. இனி அஞ்சு வருஷத்துக்குப் புதுசாக் கட்டணும், இல்லே?”

“பழைய வண்டிக்குன்னு பச்சை வரியும் உண்டு” என்றான் மெதுவாக.

“ரெண்டையும் கட்டிட்டு வா. அதுவரைக்கும் எனக்கு இந்தப் படகே போதும்.”