நான் என் இஷ்டப்படி மலைக்குப் போனது பற்றி

என் பெயர் ஜகதாம்பாள். வயது நாற்பத்தொன்பது. சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காலமான வைத்தீஸ்வரனின் மனைவி. பெங்களூர், மல்லேசுவரம், எட்டாவது கிராஸில் மகனுடன் குடியிருக்கிறேன். 1958-ம் வருடம் அக்டோபர் மாதம் இந்த மல்லேசுவரம் போலீஸ் நிலையத்தில் ஆஜராகி, நான் தமிழில் சொல்ல, ஹெட்கான்ஸ்டபிள் நாராயணசாமி எழுதிக்கொண்டது இது.

புகார் கொடுத்த ஸ்ரீகண்டன் என் ஒரே மகன். லாக்கப்பில் இருக்கும் கிருஷ்ணப்பா ஸ்ரீராம்புரத்தில் குடியிருப்பவர். என் கணவரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடிப்பவராகப் பல வருடம் வேலை செய்தவர். அவர் என்னை ஏமாற்றி அழைத்துப் போனதாகப் புகாரில் கண்டிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். அது உண்மையல்ல. நான்தான் அவரை அழைத்தேன்.

என் கணவர் வேலை நிமித்தம் வருடத்தில் பாதி நாள் மலைப் பக்கம் காம்ப்பில் இருப்பார். ஓய்வு பெற்ற பிறகும், மழை நின்றதும் கிருஷ்ணப்பாவைக் கூட்டிக்கொண்டு கெம்மண்ணுகுண்டியில் ஏறி, மலை முகட்டோடு நடந்து, பாபாபுடன்கிரி, முள்ளய்யனகிரி வழியாகச் சிக்மகளூரில் இறங்கி வருவார். வந்ததும் அவர் வேட்டியில் ஒட்டியிருக்கும் புல்விதைகளை நான் உட்கார்ந்து எடுப்பேன். வேட்டி சுத்தமாகும்வரை பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். "அடுத்த வருஷம் நீயும் வா" என்பார். அடுத்த வருடம் மாமியாருக்கு உடம்புக்கு வரும், அல்லது ஸ்ரீகண்டனுக்குப் பரீட்சை வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆடி மாதத்தில் அவர் படுத்துவிட்டார். ஜுரத்தில், "பாரு, சீட்டியடிக்கிறான். பாதியிலே மறந்துபோய் நிறுத்திடறான். கேக்கறதா உனக்கு?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒருவரும் இல்லை. கேட்கிறது என்று சொன்னேன். அந்த வாரமே காலமானார்.

அதன் பிறகு மலைக்குப் போக வேண்டும் என்று மகனிடம் பல முறை சொன்னேன். "மலையிலே உனக்கு என்னம்மா வேலை? நந்தி மலைக்குக் கார் வெச்சுக் கூட்டிண்டு போறேன், கோவிலைப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம்" என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான்.

இந்த ஆவணி மாதம் கண் ஆஸ்பத்திரி வாசலில் கிருஷ்ணப்பாவைப் பார்த்தேன். கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார். என் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். "முழுசா இருட்டறதுக்குள்ள ஒரு வாட்டி அந்தக் கெம்மண்ணுகுண்டிச் செம்மண்ணுல கால வச்சுட்டு வந்துட்டா போதும்மா" என்றார். நான், "என்னையும் அழைச்சிண்டு போக முடியுமா?" என்று கேட்டேன். அவர் பயந்துவிட்டார். "வேணாம்மா. ஊரு என்ன பேசும்? ஸ்ரீகண்டன் தம்பி என்னை உயிரோட விடுமா?" என்றார். அதன் பிறகு நான் ரயில் கேட்டைத் தாண்டி ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டுக்கே மூன்று தடவை போய்க் கேட்டேன். கடைசியில் அவர் மருமகள் சரளா, "அம்மா கூட வந்தா உங்களுக்கும் கண்ணு ஆச்சு மாமா, போய்ட்டு வாங்க" என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார்.

குறிப்பிட்ட நாளன்று மகன் ஆபீசுக்குப் போன பின், நான் மலைக்குப் போவதையும் யாருடன் போகிறேன் என்பதையும் பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒளிந்து போகவில்லை. ஸ்டேஷனில் நான்தான் பலகையைப் படித்து வண்டியைக் கண்டுபிடித்தேன். தரிகெரேயில் இறங்கி, பஸ்ஸில் லிங்கதஹள்ளி போய், மறுநாள் மலை ஏறினோம். கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன். அதுவரை நான் ஷூ போட்டதில்லை. மேலே சர்க்கார் பங்களா காவல்காரரின் மனைவி லட்சுமம்மா என்னைத் தன்னோடு உள்ளே படுக்க வைத்துக்கொண்டாள். கிருஷ்ணப்பா வெளியே காவல்காரருடன் படுத்தார். இதை அவளிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு முகட்டோடு நடந்தோம். கிருஷ்ணப்பாவுக்குக் காலில் வழி தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு ஒரு தரம், "இப்ப என்னம்மா தெரியுது, சொல்லுங்க" என்பார். நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். இடுப்பளவு புல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுகிறது என்று சொன்னேன். மலை மடிப்புகளில் மட்டும் கறுப்பாகக் காடு, மற்ற இடமெல்லாம் புல் என்று சொன்னேன். பாறை இடுக்கில் ஊதா நிறத்தில் காசித்தும்பை போல ஒரு பூ, தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறது என்று சொன்னேன். நமக்குக் கீழே ஒரு மேகம் போகிறது, அதன் நிழல் எதிர்ச் சரிவில் மாட்டு மந்தை மாதிரி ஏறுகிறது என்று சொன்னபோது அவர் நின்று, "ஐயாவும் இதையேதாம்மா சொல்வாரு" என்றார். கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. உப்பு வைத்து எடுத்தோம்.

அன்றிரவு வழியில் மாட்டுப்பட்டியில் குடியிருந்த ஒரு குடும்பத்தோடு தங்கினோம். மறுநாள் காலை ஓர் ஓடையைக் கடக்கும்போது காட்டுக்குள் யாரோ சீட்டியடித்தார்கள். மாடு மேய்ப்பவர் என்று நினைத்து, வழி கேட்கலாம் என்றேன். கிருஷ்ணப்பா கையைத் தூக்கி, "ஆளு இல்லம்மா. குருவி அது. இதைக் கேட்டா ஐயா ஒரு அடி நகரமாட்டாரு" என்றார். ஆள் சீட்டியடிப்பது போலவே இருந்தது. மெதுவாக ஆரம்பித்து, மேலே போய், பாட்டு மறந்துபோனது போல் பாதியில் நின்றது. அதன் பிறகு வேறு இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அது ஓடைக் கல்லில் வந்து உட்கார்ந்தது. கறுப்பு. வெயில் பட்டதும் தோளில் நீலம் தெரிந்தது. கிருஷ்ணப்பாவை முன்னால் போய் உட்காரச் சொன்னேன். நான் அங்கேயே இருந்தேன். அன்று நாங்கள் அதிக தூரம் நடக்கவில்லை.

அதன் பிறகு பாபாபுடன்கிரியில் யாத்ரீகர் கொட்டகையில் தங்கி, அடுத்த நாள் முள்ளய்யனகிரி ஏறி, உச்சிக் கோவிலில் கும்பிட்டு, இறங்கும்போது மூட்டம் சூழ்ந்துவிட்டது. ஈரப் பாறையில் கிருஷ்ணப்பா வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் வீங்கிவிட்டது. நிற்க முடியவில்லை. "என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்கம்மா" என்றார். அவரைப் பாறை மறைவில் உட்கார வைத்து, என் கம்பளியைப் போர்த்திவிட்டு, ஆள் கூட்டி வர நான் தனியாக இறங்கினேன். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருந்ததா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்கிறார். பயம் இல்லை. யாரோ பின்னால் வருவது போலத் தோன்றி இரண்டு முறை நின்று, வழிவிட்டு ஒதுங்கினேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் முறை நான் ஒதுங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "மெதுவா வாங்கோ, கல்லு வழுக்கறது" என்று மட்டும் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மூட்டம் விலகியபோது காப்பித் தோட்டம் ஒன்று தெரிந்தது. அங்கிருந்த ஆட்கள் மூங்கிலில் கம்பளி கட்டிக் கிருஷ்ணப்பாவைத் தூக்கி வந்தார்கள். அதற்குள் என் மகனின் புகார் சிக்மகளூருக்கும் வந்திருந்ததால், தோட்டத்துக்கே போலீசார் வந்து அவரைக் கைது செய்து, பெங்களூருக்குக் கொண்டுவரக் கிளம்பினார்கள். நான் தடுத்துச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கிருஷ்ணப்பா ஜீப்பில் ஏறும்போது, "இப்ப மலை தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்று சொன்னேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மகன் எழுந்து வந்து, "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆத்துக்கு வாம்மா" என்றான். கிருஷ்ணப்பாவை முதலில் விட வேண்டும், அதன் பிறகே கையெழுத்துப் போடுவேன் என்றேன். இப்போது அவரை விட்டுவிட்டார்கள். வாசல் படி அவருக்குத் தெரியவில்லை. ஸ்ரீகண்டன் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இறக்கி ஜட்கா வண்டியில் ஏற்றுவதை இங்கிருந்து பார்த்தேன்.

மகனுடன் வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம். இனிமேல் மகனின் அனுமதி இல்லாமல் எங்கும் போகமாட்டேன் என்று ஒரு வரி சேர்ப்பது எல்லோருக்கும் நல்லது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லி, அதை எழுதவும் செய்தார்கள். அந்த வரியை நான் சொல்லவில்லை. அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டார்கள்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். அடித்த வரி போக மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. அடித்த இடத்திலும் இங்கேயும் என் கையால் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வை. ஜகதாம்பாள்