காயாத பஞ்சு

நாச்சிமுத்து: ...நல்லாப் பாருங்க லேப்காரரே. பதினொன்னா?

அருணகிரி: பதினொன்னேதானுங்கண்ணா. ஈ.எஸ்.ஆர்., அந்த வாத நோவு எவ்வளவுன்னு காட்டற ரத்த நம்பரு, பதினொன்னு.

நாச்சிமுத்து: கேட்டியா வசந்தாமணி! போன மாசம் நூத்திப்பத்து! நம்ம பூங்கொடிக்கு மூட்டுவாதம் எறங்கீருச்சு. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, முத்தா உதுந்துரும்?

வசந்தாமணி: மெதுவாப் பேசுங்க... இப்பத்தான் மடியில கண்ணசந்தா. ஒடம்பு அனலாக் கொதிக்குது.

நாச்சிமுத்து: வெயில்ல வந்ததல்ல? டாக்டரப் பாக்க இன்னும் இருவது பேரு நிக்கறாங்க. எந்திரி, நாமகிரிப்பேட்டை பஸ்ஸப் புடிச்சரலாம்.

வசந்தாமணி: அவருகிட்டக் காமிக்காமயா?

நாச்சிமுத்து: காமிச்சா சட்டையக் கழட்டச் சொல்லுவாரு...

வசந்தாமணி: சொன்னா?

நாச்சிமுத்து: ஒன்னுமில்ல. ஏழு வயசுப் புள்ள, கூச்சப்படுவாளல்ல.

வசந்தாமணி: ...ஆமாங்க. ஊட்டுக்கே போயரலாம்.

அருணகிரி: இருங்கண்ணா. காச்சல் இப்படி அடிக்கையில நம்பரு இந்தமாதிரி விழுகாதுங்க. ஏனுங்கக்கா, பாப்பா கையில அது நான் வெச்ச பஞ்சா?

வசந்தாமணி: இது மூணாவதுங்க. நனைஞ்சுக்கிட்டே இருக்குது...

அருணகிரி: ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே!

நாச்சிமுத்து: ஆஸ்பிரின் மாத்தர திங்கறா. அதனால இருக்குமுங்க.

அருணகிரி: இருக்கலாம். ஆனா ரத்தம் ஒறையறதுக்கு வேண்டிய சத்து தீந்துபோனாலும் இந்த நம்பரு எறங்குமுங்க. நோவு கொறஞ்சுதுன்னு அர்த்தமில்ல. பாப்பா ஒடம்புல எங்கியாச்சும் நீலமாக் கன்னிப்போயிருக்குதா?

நாச்சிமுத்து: இல்லீங்க.

வசந்தாமணி: இல்லவே இல்லீங்க!

அருணகிரி: ரெண்டு பேரும் இத்தன வெரசாச் சொல்றீங்க... நான் போலீசுக்காரன் இல்லீங்க. புள்ள உசுரு விசயம். அண்ணா, உங்களத்தான் கேக்கறேன்.

நாச்சிமுத்து: இருக்குது. முதுகுல, தொடையில... நாலு நாளா.

அருணகிரி: அட, அத டாக்டருகிட்டச் சொல்லியிருக்க வேண்டாமா?

நாச்சிமுத்து: எப்படிங்க சொல்றது? வசந்தாமணி... நீயே சொல்லீரு. மாத்தர முழுங்காம அடம் புடிச்சா, பெத்தவ கைய நீட்டறதுதான். நாலு பேரு முன்னால உன்னைய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் நானு வாயத் தொறக்கல.

வசந்தாமணி: நானா? ஐயோ... எம்பட புள்ள மேல ஒரு அடி வெக்கலீங்க! நடக்கச் சொல்லி நீங்கதான் அடிச்சுப்போட்டீங்கன்னு நெனச்சு, முந்தாநேத்து டாக்டரு கேட்டதுக்கு நாந்தாங்க ஒன்னுமில்லீன்னு பொய் சொன்னேன்!

அருணகிரி: அப்ப யாருமே அடிக்கலீங்க, ரத்தம் ஒறையாமத்தான் கன்னிப்போயிருக்குது; புள்ளயத் தூக்கிக்கிட்டு டாக்டருகிட்ட வாங்க!