பார்ச்சு நாளில் திறந்திருந்த கதவு குறித்து ருக்மணி கூறியது

பெயர்: ருக்மணி. தந்தை பெயர்: கணேசமூர்த்தி. வயது: 31. தொழில்: மிஷன் ஆஸ்பத்திரியில் நல உதவியாளர். முகவரி: ஆஸ்பத்திரி ஊழியர் விடுதி, மலாக்கா. 1958 ஜனவரி 16 அன்று சப்-இன்ஸ்பெக்டர் தேவதாஸ் முன்னிலையில் தமிழில் கூறியது. எழுதிக்கொண்டவர் மொழிபெயர்ப்பாளர் இராமலிங்கம்.

அடிபட்டு வரும் பெண்களோடு பேசுவதும், அவர்கள் தங்குவதற்கு இடம் பார்ப்பதும், கோர்ட்டுக்கு அழைத்துப் போவதும் என் வேலை. இதற்காகச் சிங்கப்பூரில் பயிற்சி பெற்றிருக்கிறேன். நோயாளிகள் என்னை மிஸ்ஸி என்று அழைப்பார்கள்.

சென்ற மாதம் அஞ்சலை என்ற பெண் இடது கை முறிந்து, முதுகில் தீப்புண்களோடு வார்டில் சேர்க்கப்பட்டார். பத்து பெரெண்டாம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுபவர். அடித்தவன் கணவன் சுப்பையன். அஞ்சலை புகார் கொடுத்தார், வழக்குப் பதிவாகி அவன் ஜாமீனில் வெளியே வந்தான். அதன் பிறகு தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி இருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, "புருசன் பொஞ்சாதி சண்டதானே மிஸ்ஸி, அனுப்பி வைங்க, நாங்க பேசித் தீர்த்துக்கிறோம்" என்றார். நான் அனுப்பவில்லை. அவரிடம் மரியாதையாகவும் பேசவில்லை.

கை ஓரளவு தேறியதும் அஞ்சலையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். தமிழர் வீடு எதில் வைத்தாலும் வாரத்துக்குள் தோட்டத்துக்குச் செய்தி போய்விடும். ஆகவே கஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழ்ந்து தமிழ் மறந்த செட்டிகளின் குடியிருப்பில் வசிக்கும் மீனாச்சி என்ற விதவையைக் கேட்டேன். அவர் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். சாமி பெயர்களையும் சில உறவுச் சொற்களையும் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. அஞ்சலைக்குக் கடைத்தெரு மலாய் கொஞ்சம் வரும். மீனாச்சி ஒன்றும் கேட்காமல் சரி என்றார். தன் மகள் சந்திரமதியின் அறையிலேயே அஞ்சலைக்குப் படுக்கை போட்டார்.

அஞ்சலைக்குப் பயம் விடவில்லை. தெருவில் சைக்கிள் போனாலும், யாராவது செருமினாலும், "அவருதான்" என்பார். இது எனக்குப் புதிதல்ல. அடி வாங்கிய பெண்களுக்கு அடித்தவனின் காலடி எல்லா இடத்திலும் கேட்கும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை உண்டு. ஒருவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். இன்னொருவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். மீனாச்சிக்கும் இதைக் கற்றுக்கொடுத்தேன். அவர் கற்றுக்கொண்டு நன்றாகவே செய்தார். ஒவ்வொரு முறையும் வெளியே யாரும் இல்லை. அஞ்சலை கொஞ்சம் சாப்பிடவும் தூங்கவும் தொடங்கியிருந்தார்.

சம்பவம் நடந்த 13ஆம் தேதி போகி. அன்று செட்டிகள் வீடுகளில் இறந்த முன்னோருக்குப் படைப்பார்கள். அதைப் பார்ச்சு என்பார்கள். என்னையும் அழைத்திருந்ததால் மதியம் சைக்கிளில் போனேன். முன்கூடத்தில் வாழையிலைகளில் சோறும் கறியும் பலகாரமும் பரிமாறி, மெழுகுவர்த்தி ஏற்றி, மீனாச்சியின் இறந்துபோன கணவருக்குப் பிடித்த கட்டிக் காப்பியை ஒரு பீங்கான் கோப்பையில் வைத்திருந்தார்கள். கும்பிட்டதும் மீனாச்சி வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். அதன் பிறகு நாங்கள் நால்வரும் அடுப்படிக்குச் சென்று திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். இறந்தவர்கள் வந்து சாப்பிடும்போது யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, மெழுகுவர்த்தி பாதி எரியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கதவு திறந்தது இதற்காகத்தான். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அந்நேரம் கதவுகள் திறந்தே இருந்தன. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சற்று நேரத்தில் முன்கூடத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கோப்பையைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது. மீனாச்சியின் முகம் மலர்ந்தது, கண்ணில் நீர் வந்தது. கணவர் வந்து காப்பி குடிக்கிறார் என்று நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டார் யாரோ வந்திருப்பார்கள், அல்லது பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எழுந்து போய்த் திரையை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஓர் இருமல் கேட்டது. அஞ்சலை எழுந்து நின்றார். "மிஸ்ஸி, அது அவருதான். அந்த இருமல் எனக்குத் தெரியும். பின்னால போயிடலாம் மிஸ்ஸி" என்றார். இதைத் தமிழில்தான் சொன்னார். பயத்தில் அவருக்கு இருந்த கொஞ்ச மலாயும் வராது. மீனாச்சிக்கும் சந்திரமதிக்கும் அது புரியவில்லை. அந்த அடுப்படியில் அது புரிந்த ஒரே ஆள் நான்.

மீனாச்சி அஞ்சலையிடம், "ஜாங்கான் பீசிங். டியா ஓராங் மாக்கான்" என்றார். சத்தம் போடாதே, அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். நான் அஞ்சலையிடம், "உக்காரு. ஒன்னுமில்ல. வழக்கமா வர்ற பயம்தான். யாரும் இல்ல" என்றேன். போய்ப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் முறை. அன்று பார்க்காமலேயே சொன்னேன்.

அஞ்சலை உட்காரவில்லை, பின்கதவை நோக்கி நகர்ந்தார். அதன் பிறகு நான் மீனாச்சியிடம் மலாயில், "அக்கா, அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் அஞ்சலையின் நல்ல கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, நான் கற்றுக்கொடுத்தபடி அந்தக் கையைத் தடவிக்கொடுத்தார்.

திரையை விலக்கிக்கொண்டு சுப்பையன் நின்றான். கையில் பால் வெட்டும் கத்தி இருந்தது. மீனாச்சி பயத்தில் பிடியை விடவில்லை, இன்னும் இறுக்கிவிட்டார். அஞ்சலை கையை உதறிக்கொள்வதற்குள் சுப்பையன் அவர் கழுத்தில் வெட்டினான். இரண்டாவது வெட்டு மீனாச்சியின் மணிக்கட்டில் விழுந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை நான் அவன்மேல் ஊற்றினேன். அவன் தெருவுக்கு ஓடினான், அங்கே இருந்த ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு எப்படி வீடு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. என் சைக்கிளைப் பின்தொடர்ந்திருக்கலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் கூறுகிறார். இருக்கலாம்.

அஞ்சலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "வந்தது அவருதானே, மிஸ்ஸி?" என்று கேட்டார். "ஆமாம்மா, அவன்தான். நீ சொன்னது சரி" என்றேன். தலையை அசைத்தார். அன்று மாலையே இறந்துவிட்டார். அடுத்த மாதம் கோர்ட்டில் அவரே சொல்ல வேண்டியதைச் சொல்ல இனி யாரும் இல்லை.

மீனாச்சி சுப்பையனுக்கு உடந்தையாகக் கதவைத் திறந்து விட்டார், தப்பி ஓட முயன்றவரைப் பிடித்து வைத்தார் என்ற சந்தேகத்தில் அவரை லாக்கப்பில் வைத்திருப்பதாக அறிகிறேன். அஞ்சலையின் கையைத் தன் தாய் பிடித்திருந்ததாகச் சந்திரமதி சொன்னது உண்மை. அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். ஆனால் மீனாச்சி கதவைத் திறந்தது இறந்தவர்களுக்காக, கையைப் பிடித்தது எனக்காக. அவர் மணிக்கட்டுக்கு நாள்தோறும் மருந்து வைக்க வேண்டும், லாக்கப்பில் யாரும் வைப்பதாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி யார்மேல் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதை மொழிபெயர்ப்பாளர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், "அங்கிருந்தோர் அஞ்சலையை அமைதிப்படுத்தக் கையைப் பிடித்தனர்" என்று எழுதியிருந்தார். என்மேல் இரக்கப்பட்டு அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன். அதை அடிக்கச் சொல்லி, நான் கூறியபடியே மாற்றி எழுத வைத்தேன். பிடிக்கச் சொன்னது நான். திருத்திய இடத்தின் ஓரத்தில் என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் கண்டதும் கேட்டதும், யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல.

(ஒப்பம்) க. ருக்மணி